தொப்பூர் இறக்கத்தில் ஒரு வயர்லெஸ் சோதனை

போலீஸ், தீயணைப்பு, வனத்துறை வயர்லெஸ் செட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றினால் மலையிலும் பள்ளத்திலும் பேச்சு கேட்குமா என்று பார்க்க நாங்களே ஒரு சோதனை செய்தோம். நண்பர் தருமபுரியில் தன் வீட்டு மாடியில் இரண்டு செட்டோடு உட்கார்ந்துகொண்டார், நான் காரில் செட்டை மாட்டிக்கொண்டு சேலம் ரோட்டில் கிளம்பினேன். இரண்டு பேருக்கும் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது, அதனால் எங்களுக்கான 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் தாராளமாகப் பேசலாம். பழைய முறையான அனலாகில் ஒரு நிமிடம், புது முறையான டிஜிட்டலில் ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போய் எந்த இடத்தில் எது கைவிடுகிறது என்று குறித்துக்கொள்வதுதான் திட்டம்.

கணவாய் வரும்வரை டிஜிட்டல்தான் ஜெயித்தது. லாரிகளுக்கு நடுவிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது அவர் குரல். தொப்பூர் இறக்கம் தொடங்கியதும் அனலாகில் கொர்ரென்று இரைச்சல் ஏறியது, டிஜிட்டல் அப்போதும் சுத்தமாகவே இருந்தது. இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவில் அவர் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் உருள்வதுபோல் உடைந்தது, அடுத்த நொடி ஒன்றுமே இல்லை. அனலாகுக்கு மாற்றினேன். இரைச்சலுக்கு அடியில் "கேக்குதா, கேக்குதா" என்று அவர் கத்திக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

எங்கள் சித்தப்பா பல வருடம் ரோந்து ஜீப் ஓட்டியவர். "மைக்ல கொரகொரன்னு வந்தா வண்டிய இன்னும் கொஞ்சம் மேட்டுக்கு ஏத்துவேன்டா, அவ்வளவுதான்" என்பார். சிக்னல் குறைகிறது என்று அந்த இரைச்சல் முன்கூட்டியே சொல்லிவிடும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. செட் நம் குரலை எண்களாக்கி அனுப்புகிறது, வழியில் கொஞ்சம் சிதைந்தால் எதிர்ப்பக்கத்து செட் தானே திருத்திக்கொள்ளும், திருத்த முடிகிற அளவைத் தாண்டினால் குரலே வராது. சில வளைவுகளில் அனலாகில் புரியாததை டிஜிட்டல் தெளிவாகத் தந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

போலீஸ், தீயணைப்பு, வனத்துறை செட்டுகள் டிஜிட்டலுக்கு மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை, மாறத்தான் வேண்டும். டிஎம்ஆர் என்கிற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலில் இரண்டு பேச்சு போகும். நேரத்தை 30 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். பேசும்போது செட் பாதி நேரம்தான் ஒலிபரப்புகிறது, அதனால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். ஜிபிஎஸ் உள்ள செட் என்றால் ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியும். பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி, தளி வழியாக வருகிற மாதங்களில் ராத்திரி காட்டுக்குள் நடக்கிற வாட்சருக்கு இதைவிடப் பெரிய துணை எது? கீழே விழுந்து பேச முடியாமல் கிடந்தாலும் அவசர பட்டனை அழுத்தினால் போதும்.

ஒகேனக்கல்லை நினைத்தால்தான் எனக்குக் கவலை. டிஜிட்டல் செட்டில் குரலைச் சுருக்குகிற மென்பொருள் மனிதப் பேச்சுக்காகச் செய்தது, பின்னணிச் சத்தம் பேச்சை அமுக்கினால் அது தடுமாறிப்போகும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் தாங்கள் மாட்டியிருக்கும் அலாரம் அடிக்கும்போது பேச்சு புரியவில்லை என்று புகார் சொல்லி, அங்குள்ள தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 2008இல் இதைப்பற்றி அறிக்கையே வெளியிட்டது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்த தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி வருகிறது, பரிசலை நிறுத்தச் சொல்ல வேண்டும், சொல்கிறவர் அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அந்த இடத்தில் நின்று சோதித்துப் பார்க்காமல் செட் வாங்கக் கூடாது. இரைச்சலை அடக்குகிற மைக் வேண்டும், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து நிதானமாகப் பேசுகிற பயிற்சியும் வேண்டும்.

அடுத்தது மலை. இந்த செட்டுகள் பேசுகிற விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும், அனலாகோ டிஜிட்டலோ நடுவில் மலை நின்றால் நின்றதுதான். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்குகிற ரோட்டில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். சித்தேரி மலையும் அப்படித்தான். புது செட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு மலை உச்சியில் வைத்து, வருகிற சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டருக்கும், அதற்கான பேட்டரிக்கும் சோலாருக்கும் போக வேண்டும். மழையில் கரண்ட் போகிற ராத்திரிதானே அது வேலை செய்ய வேண்டிய ராத்திரி? 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் பஸ்ஸும் காரும் வெள்ளத்தில் அடித்துப்போனதைப் பார்த்த பிறகும் இதை இரண்டாம் பட்சமாக வைக்க முடியாது.

சரி, ஒரு வேண்டுகோள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஜீப், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், எந்த வளைவில், எந்தப் பள்ளத்தில் உங்கள் செட் ஊமையாகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மைல்கல் நம்பர் போட்டால் இன்னும் நல்லது. புது செட் பொருத்த வருகிறவர்களை அதே இடங்களுக்குக் கூட்டிப்போய்ப் பேசிக்காட்டச் சொல்லுங்கள், அதுவரை பழைய செட்டைக் கழற்ற விடாதீர்கள்.