செம்பிக்கு ஏத்த சிஞ்ச்

மார்ச் 9, 2024, சனி

காலைல எங்க குதிரை செம்பிக்கு பிரஷ் போடறப்போ பாத்தேன், முன்னங்கால் முழங்கைக்கு பின்னாடி ரெண்டு விரல் அகலத்துக்கு முடி கொட்டி தோலு ரோஸா தெரியுது, தொட்டா உடம்பையே சுருக்குறா. அந்தப் பக்கம் போய் பாத்தா அங்கயும் அதே எடம். சேடல எடுத்து மேல வச்சதும் காரணம் தெரிஞ்சிருச்சு. தவுக்கே, அதான் மொதலாளி, வாங்கின செகண்ட் ஹேண்ட் வெஸ்டர்ன் சேடலோட வந்த சிஞ்ச், அதாவது அடியில கட்டுற பட்டை, 28 இன்ச்சு, இவளுக்கு ரொம்ப குட்டை, ரெண்டு முனையிலயும் இருக்குற பக்கிள் சரியா முழங்கைகிட்ட வந்து உக்காந்து ஒவ்வொரு அடிக்கும் உரசுது. சேடல தூக்கிட்டு வந்தாலே காத மடக்கிக்கிட்டு கடிக்க வர்றான்னு லாயத்துல எல்லாரும் திமிரு புடிச்சவன்னு பேசுனாங்க. பாவம், வலிச்சா அது வேற எப்படித்தான் சொல்லும்? தோலு ஆறி முடி மொளைக்கிற வரைக்கும் சேடல் கெடையாதுன்னு தவுக்கேகிட்ட சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு.

மார்ச் 10, ஞாயிறு

சிஞ்ச்னா என்னன்னு சிலர் கேட்டிருந்தீங்க. சேடல் நழுவாம இருக்க குதிரையோட நெஞ்சுக்கு அடியில சுத்தி கட்டுற பட்டைதான். இடது பக்கம் லட்டிகோன்னு ஒரு நீள தோல் வாரு, அத பக்கிள் வழியா விட்டு இழுத்து கட்டுவோம், வலது பக்கம் ஓட்டை போட்ட பில்லட் வாரு. ஏறி உக்காந்திருக்கிறவங்க உயிரே இந்த பட்டையிலதான் இருக்கு, ஆனா சேடலுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி கொட்டுறவங்க இதுக்கு மட்டும் கணக்கு பாப்பாங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

எங்க தாத்தா தோட்டத்துல எருமை வண்டி ஓட்டுனவரு, செம்பனை, அதான் பாமாயில் மரம், அதோட கொல ஏத்துற வண்டி. அவருகிட்ட புண்ண பத்தி சொன்னேன். "நுகத்தடி படுற எடத்த தெனமும் கையால தடவி பாக்கணும்யா, கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடி கைக்கு தெரிஞ்சிரும், மொதல்ல சூடாத்தான் இருக்கும்"னாரு. குதிரை ஏறாத மனுசன், ஆனா எத்தனையோ வீடியோல சொல்லாதத சொல்லிட்டாரு.

மார்ச் 16, சனி

புது சிஞ்ச் எந்த துணி, எந்த ரகம்னு ஒரு வாரமா இதே யோசனைதான். இப்ப இருக்குறது நியோபிரீன், ஒரு மாதிரி ரப்பர். கழுவுறது ஈஸி, ஹோஸ்ல தண்ணி அடிச்சா போதும், ஆனா காத்து போகாது. எங்க மலேசியா சுங்கை சிப்புட் வெயிலும் புழுக்கமும் தெரியும்ல, மத்தியானம் சும்மா நின்னாலே செம்பிக்கு வேர்த்து ஊத்தும், அந்த வேர்வை உள்ளயே நின்னு தோலு ஊறி போயிடும், ஊறின தோலு சீக்கிரம் உரிஞ்சிரும். ஃபிளீஸ் மெத்து மெத்துன்னு இருக்கும்தான், ஆனா நாங்க போற பாதை செம்பனை காட்டுக்குள்ள, ஒட்டுப்புல்லு வெதையெல்லாம் அதுல போய் குத்திக்கும், ஒன்னு ஒன்னா பொறுக்கி எடுக்கலன்னா அதுவே முள்ளு மாதிரி.

அதனால மோஹேர்தான்னு முடிவு பண்ணிட்டேன். அங்கோரா ஆட்டோட முடி, கயிறு கயிறா முறுக்கி பக்கத்துல பக்கத்துல வச்சு பின்னியிருப்பாங்க, நடுவுல காத்து போகும், வேர்வைய இழுத்துக்கும், உடம்புக்கு தகுந்தபடி கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கும். ரேயான் கலந்தது வெல கம்மி, நான் முழு மோஹேர்தான் கேட்டிருக்கேன். பக்கிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இந்த ஊரு ஈரத்துக்கு சாதா இரும்பு துருப்புடிச்சு சொரசொரப்பாயிடும்.

மார்ச் 23, சனி

இன்னிக்கு அளவு எடுத்தேன். சேடலுக்கு அடியில போடுற பேட், சேடல் ரெண்டையும் கட்டாம மேல மட்டும் வச்சுட்டு, பக்கிள் எங்க நிக்கணுமோ அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு, அதாவது முழங்கைக்கு நல்லா மேல, பேட் ஓரத்துக்கு கீழ, அந்தப் பக்கமும் அதே ஒசரத்துல ஒரு கோடு, அப்புறம் நெஞ்சுக்கு அடியில டேப்ப விட்டு கோட்டுல இருந்து கோடு வரைக்கும். 32 இன்ச்சு வந்துச்சு. ரொம்ப நீளமா போனாலும் தப்பு, பக்கிள் சேடலுக்கு அடியில போயிட்டா இழுத்து கட்ட எடமே இருக்காது. பக்கிளையும் சேத்துதான் 32ஆன்னு கடைக்காரர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

நடுவுல அகலமா வர்ற ரோப்பர் சிஞ்ச் வாங்குன்னு ஒரு அண்ணே சொன்னாரு. மாட்ட கயிறு போட்டு இழுக்குறவங்களுக்கு அது வேணும், அந்த இழுப்பு அகலமா பரவணும். செம்பி ஈப்போ ரேஸ் கோர்ஸ்ல ஓடி ரிட்டையர் ஆன தரோபிரெட், ரேஸுக்குன்னே வளக்குற ரகம், நெஞ்சு ஒடுக்கம், முழங்கைக்கு பின்னாடி எடம் கம்மி, அகலமான பட்டை போட்டா திரும்ப அதே புண்ணு மேலதான் உரசும். அகலம் மாறாம நேரா வர்ற, 17 கயிறு வச்சு பின்னின சிஞ்ச் போதும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முடி மொளைச்சிருச்சு! வெட் டாக்டரும் பாத்துட்டு ஓகேன்னாரு. புது சிஞ்ச் போட்டேன். மொதல்ல லூசா, சேடல் நகராம இருக்குற அளவுக்கு மட்டும், அப்புறம் கொஞ்ச தூரம் நடத்தி இன்னும் கொஞ்சம், முன்னங்கால் ரெண்டையும் ஒவ்வொன்னா முன்னாடி இழுத்து விட்டு சுருங்கின தோல சரி பண்ணிட்டு, ஏறுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ. ஒரே இழுப்பா இழுத்தா நெறைய குதிரைங்க நெஞ்ச விறைச்சுக்கும். சிஞ்ச்சுக்கு நடுவுல இருக்குற டி ரிங், அதான் D மாதிரி வளையம், ரெண்டு முன்னங்காலுக்கு சரி மத்தியில நிக்குது, ரெண்டு பக்க பக்கிளும் ஒரே ஒசரம்.

தோட்டத்து ஆளுங்கள காலைல கூப்பிட்டு கணக்கெடுக்குற பெரட்டு களம் வரைக்கும் நடை, கொஞ்சம் டிராட், அதாவது மெதுவான ஓட்டம், அவ்வளவுதான். எறங்கி மொதல்ல கைய விட்டு தடவுனேன், சூடு இல்ல, வேர்வை தடம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, செம்பி காத மடக்கவே இல்ல.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு, கோயிலுக்கு போயிட்டு நேரா லாயம். சாயங்கால மழை ஆரம்பிச்சிருச்சு, அதனால சிஞ்ச்ச குளுந்த தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு கசக்கி, நல்லா அலசி, ஃபேன் காத்துல காய போட்டுட்டேன், வெயில்ல இல்ல. சோப்பு தங்கிட்டா அதுவும் தோல அரிக்கும். காயாத சிஞ்ச்ச கட்டி சேடல் போடறது கெடையாது, அதுக்காக இன்னொரு மோஹேர் சிஞ்ச் இதே அளவுல ஆர்டர் பண்ணியாச்சு, தவுக்கே பேச்சே பேசாம காச குடுத்துட்டாரு. அடுத்து லட்டிகோ வாரு, பூஞ்சை புடிச்சு ஓட்டைக்கு பக்கத்துல வெடிப்பு விட்டிருக்கு, அதையும் மாத்தணும்.