சராசரியில் உண்டு என்றேன்

வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களில் விரிசல் தேடும் வேலைக்கு ஆள் எடுக்க, மறைந்த உருவம் காணும் சோதனை வைப்பது சரியா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. மனத்தை விட்டு அகலாமல் இருப்பது, சோதனை முடிந்ததும் மேலாளர் கேட்ட ஒரு கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும்தான். "பெண்களுக்கு இது கொஞ்சம் வராது, அப்படித்தானே சார்?" என்றார். "சராசரியில் சிறு வித்தியாசம் உண்டு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

சொன்னது பொய்யில்லை. சிக்கலான வரைபடத்துக்குள் ஒளிந்திருக்கும் எளிய வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையை உளவியலாளர் ஹெர்மன் விட்கின் 1950இல் வெளியிட்ட காலத்திலேயே, பெண்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது பதிவாகியிருக்கிறது. ஆனால் இரு பாலாரின் மதிப்பெண்களும் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன என்பதால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அந்தச் சராசரி அநேகமாக எதையும் சொல்வதில்லை. 'சிறு' என்ற சொல்லை அழுத்தித்தான் உச்சரித்தேன். அவர் காதில் விழுந்தது 'உண்டு' மட்டும்தானோ என்னவோ.

அவர் கேள்விக்குக் காரணமாக இருந்த பெண்ணை நான் அருகிலிருந்து பார்த்தேன். பேனாவின் மூடியைத் தாளில் படாமல் அந்தரத்தில் பிடித்து, கோடுகளின்மேல் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒளிந்திருந்த வடிவத்தின் மூன்று பக்கங்கள் மிகச் சரியாகப் போயின. நான்காவது பக்கம் வேறொரு கோட்டோடு கலக்கும் இடத்தில் மூடி நின்றது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. "தெரிகிற மாதிரி இருக்கிறது சார், ஆனால் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை" என்றார். நேரம் முடிந்தது. 'காணவில்லை' என்று குறித்தேன், படிவத்தில் வேறு வார்த்தை கிடையாது. அவருக்கு முன்னால் வந்த இளைஞர் பார்த்த கணத்திலேயே விரலை வைத்தார். தவறான இடங்களில் வைத்ததும் கணிசம்தான், ஆனால் நாங்கள் எண்ணுவது சரியானவற்றை மட்டுமே.

ஒன்றைக் கண்டுகொள்வது வேறு, கண்டேன் என்று சொல்லத் துணிவது வேறு. உணர்திறனையும் முடிவெடுக்கும் எல்லைக்கோட்டையும் பிரித்து அளக்க வேண்டும் என்று, மங்கலான குறிப்புகளை மனிதர் கண்டறியும் விதத்தை ஆராயும் குறிகை அறிதல் கோட்பாடு 1950களிலிருந்தே சொல்லிவருகிறது. நேரத்தையும் சரியான பதில்களையும் மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே எண்ணாகக் குழம்பிவிடும். அதற்காக அந்தப் பெண்ணுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்திருந்தால் மற்றவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

உறுத்துவது வேறொன்று. அதே நாளில், இதற்கு முன்னால், புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைப் படிக்கும் இஷிஹாரா அட்டைகளையும் காட்டினோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைபாடு, ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும் பெண்களில் அரை சதவீதத்தினருக்கும் இருக்கிறது. அதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். இவ்வளவு பெரிய, காரணமும் தெரிந்த வித்தியாசம் இருந்தும், "ஆண்களுக்கு இது வராது, அப்படித்தானே?" என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து அனுப்புகிறோம், அவ்வளவுதான். மறைந்திருப்பது முகமாக இருந்தால் சாய்வே திரும்பிவிடுவதும் உண்டு: உணவுப் பொருட்களை அடுக்கி முகம்போல் அமைத்த படங்களைக் கொண்டு மரீனா பாவ்லோவாவும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முகச்சாயல் மங்கலாக இருந்த படங்களிலேயே ஆண்களைவிடப் பெண்கள் முகத்தைக் கண்டுகொண்டார்கள். இவற்றையெல்லாம் மேலாளரிடம் அப்போதே சொல்லியிருந்தால் பிரசங்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சில நாட்களில் அந்த நினைப்பு சமாதானம் தருகிறது, சில நாட்களில் தருவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணில் குறையில்லை, உறுதியாகத் தெரியாமல் வாய் திறக்காத எச்சரிக்கைதான் என்று நான் வாதாடும்போது, 'பெண்கள் எச்சரிக்கையானவர்கள்' என்ற மற்றொரு சராசரியைத்தானே அவர்மேல் போர்த்துகிறேன்? அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாக விரல் வைத்தவரும், அதிகம் தவறியவர்களில் ஒருவரும், ஒரு பெண்தான். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது அவரை நான் விட்டுவிடுகிறேன்.

தவறான பதில்களுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும் என்று இப்போது கேட்டிருக்கிறேன். மேலாளரின் ஆட்சேபம் அற்பமானதல்ல: இல்லாத விரிசலை இருக்கிறது என்றால் நல்ல இணைப்பை வீணாக அறுத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும்; இருக்கும் விரிசலை விட்டுவிட்டால் குழாயே வெடிக்கலாம். அப்படியானால் சந்தேகம் வந்தவுடனே விரலை வைப்பவர்தானே நமக்கு வேண்டும் என்கிறார். தயங்குகிறவர்தான் படத்தை இரண்டாம் முறை பார்ப்பார் என்றேன். அதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் என்று கேட்டார். பேனா மூடி மூன்று பக்கம் சரியாகப் போனதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.