பிளொப்பி டிரைவும் பக்கத்து வீட்டுக் குசினி லைட்டும்

லண்டனில் சித்தப்பா வீட்டு மேல்மாடியை ஒதுக்கியபோது, ஊருக்கு அனுப்புகிற பெட்டியில் உடுப்புகளோடு தன் பழைய கொமடோர் 64 கொம்பியூட்டரையும் அதற்கு டிஸ்க் வாசித்துக் கொடுக்கும் 1541 டிரைவையும் வைத்துவிட்டார். கூடவே பதினொரு ஐந்தேகால் அங்குல பிளொப்பி டிஸ்க்குகள். பரந்தனுக்கு எல்லாம் உடையாமல் வந்து சேர்ந்தன. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான், அதனால் கரண்ட் பிரச்சினை இல்லை. இதற்குத் திரை ரி.வி.தான். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இங்கிலாந்து முறையில் ஒலி படத்திலிருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும், எங்கள் ரி.வி. அதை 5.5-இல் தேடுகிறது. சரி, சத்தம் இல்லாமலே பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

கரைச்சல் கொடுத்தது டிரைவ். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் டைரக்டரி, அதாவது உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், அழகாக வரும். ஆனால் அதில் உள்ள புரோகிராமைக் கூப்பிட்டால் சிலது வரும், சிலது பாதியில் நின்றுவிடும். பிறகு 'டக் டக் டக்' என்று ஒரு இடி, முன்விளக்கு சிமிட்டல். பதினொன்றில் நான்குதான் முழுதாக வேலை செய்தன.

முதலில் ஹெட்டை, அதாவது டிஸ்க்கை வாசிக்கும் முனையை, துடைத்தேன். மூடியைக் கழற்ற முன் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி வைத்தேன், ஏனென்றால் இந்த டிரைவுக்குள்ளேயே டிரான்ஸ்போமர் இருக்கிறது. ஹெட் கீழே, அதற்கு மேல் ஒரு சின்னக் கை. கையின் நுனியில் டிஸ்க்கை அமத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டு. கையை மெதுவாகத் தூக்கி, போன் திருத்தும் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் அல்ககோலில் கொட்டன் பட்டை நனைத்துத் துடைத்தால், பட் செங்கல் நிறமாகிவிட்டது. சோழகக் காற்றுக் காலம், வீட்டுக்கு முன்னால் கிரவல் றோட்டு. நம்முடைய புழுதிதான் என்று நினைத்தேன். ஆனால் போன கிழமை வந்த பெட்டிக்குள் பரந்தன் புழுதி இவ்வளவு எப்படிப் போகும்? அது டிஸ்க்குகளின் சொந்தப் பூச்சு, இரும்பு ஒக்சைட். ஏதோ ஒரு டிஸ்க் தன்னை உரித்து ஹெட்டில் அப்பிக்கொண்டிருந்தது.

எது என்று கண்டுபிடிக்க முன் நானே இன்னொரு டிஸ்க்கைக் கெடுத்துவிட்டேன். ஒன்றைப் போட்டதும் கீச்சென்று சத்தம். எடுத்து உறையின் நீள்வட்ட ஓட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தால், கறுப்புப் பரப்பில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். அதைப் பார்த்த பிறகாவது ஹெட்டைத் துடைத்திருக்க வேண்டும். துடைக்காமல் பூஞ்சணம் இல்லாத அடுத்த டிஸ்க்கைப் போட்டேன், அதில் வட்டமாக ஒரு கீறல். அன்றிலிருந்து எல்லா டிஸ்க்கும் போட முன் வெயிலில் சோதனை.

துடைத்தும் அதே நான்குதான் ஓடின. இங்கே எனக்கு வழிகாட்டியவன் அக்காவின் மகன். டைரக்டரியின் கடைசி வரியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒரு எண் வரும். வெறும் டிஸ்க்கென்றால் 664. அவன் அதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். "மாமா, நிறைய இடம் மிச்சம் இருக்கிற டிஸ்க்தானே ஒழுங்கா ஓடுது?"

அப்போதுதான் பொறி தட்டியது. 1541 ஒரு பக்கத்தில் 35 தடங்கள் எழுதும், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். டைரக்டரி இருப்பது 18ஆம் தடத்தில், நட்டநடுவில். கோப்புகள் முதலில் அதை அண்டி இரு பக்கமும் இடம் பிடிக்கும். டிஸ்க் நிறைய நிறையத்தான் ஓரங்களுக்குப் போகும். அப்படியென்றால் ஹெட் நடுவில் நன்றாக வாசிக்கிறது, ஓரத்துக்குப் போக முடியாமல் நிற்கிறது. விரலால் தள்ளிப் பார்த்தேன். நடுவில் வழுக்கியது, இரண்டு நுனியிலும் பிசின்போல் இழுத்தது. ஹெட் நகரும் தண்டவாளங்களில் பழைய கிறீஸ் மஞ்சள் மெழுகாய் இறுகிக் கிடந்தது. வழித்தெடுத்து, தையல் மெசின் ஒயிலை ஊசி நுனியால் ஒரு சொட்டு. நான்கு ஏழானது.

மிச்சத்துக்கு வேகத்தைச் சந்தேகித்தேன். டிஸ்க் நிமிடத்துக்கு 300 தரம் சுற்ற வேண்டும். டிரைவைப் புரட்டினால் அடியில் பெல்ட் ஓடும் பெரிய சில்லு, அதில் கோடுகள் இரண்டு வட்டமாக அச்சிட்டிருக்கும். 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ரியூப் லைட் செக்கனுக்கு 100 தரம் மின்னும், சில்லு 5 தரம் சுற்றும். ஆகவே 20 கோடுள்ள வட்டம் அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டும். எங்கள் வீட்டு எல்.ஈ.டி. பல்பில் வெறும் சாம்பல் பட்டைதான் தெரிந்தது. பழைய சோக் வைத்த ரியூப் லைட் இருந்தது பக்கத்து வீட்டு அக்காவின் குசினியில் மட்டும். அவ புட்டு அவிக்க, நான் மேசையில் டிரைவைக் கவிழ்த்துவைத்து அரை மணித்தியாலம் திருகினேன். நிற்கவே இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தால், நான் பார்த்துக்கொண்டிருந்தது 24 கோடு வட்டம், அது 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கு. சரியான வட்டத்தில் கோடுகள் பின்னோக்கி ஊர்ந்தன, அதாவது வேகம் குறைவு. மோட்டர் பலகையில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் அசைக்க, நின்றன. "என்ன தம்பி, நிக்கிற சில்லையே இவ்வளவு நேரம் பாக்கிறாய்?" என்றா அக்கா.

இப்போது ஒன்பது ஓடுகின்றன. பூஞ்சணம் பிடித்ததும் நான் கீறியதும் ஓடவில்லை. ஒன்பதாவதாக வந்ததன் லேபிளில் சித்தப்பாவின் கையெழுத்தில் 'தமிழ்' என்று மட்டும் இருந்தது. ஓடவிட்டால் திரையில் அ, ஆ, இ என்று வரிசையாக வருகின்றன. கொமடோரின் எழுத்துகளை ஒவ்வொரு புள்ளியாக மாற்றி வரைந்திருக்கிறார். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் ழ அடங்கவில்லைப் போல. அதை மட்டும் இரண்டு கட்டமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார், நடுவில் மயிரிழை இடைவெளி தெரிகிறது.