நடுப்பக்கம்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கம் இந்த வாரம் மதுரையின் முடிச்சுச் சாயச் சேலையான சுங்குடிக்கு. இரவு எட்டு மணிக்கு அரைப்பக்க விளம்பரம் வந்தது. எழுநூறு சொல் கட்டுரை நானூறாக வேண்டும். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையை வெட்டினேன். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிச் சாயத்தில் முக்குவதும், காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி நிற்பதும் சொல்லும் பத்தியில் கை வைக்கவில்லை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. அதை எப்படி வெட்டுவது?

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறரைக்கு போன். கட்டுரையில் வந்த, முடிச்சுப் போடும் அம்மா. "மேடம், எம் படத்துக்குக் கீழ பக்கத்து வீட்டு அக்கா பேரு வந்திருக்கு."

பக்கத்தைச் சுருக்கிய அவசரத்தில் படங்களை இடம் மாற்றினோம். படவிளக்கங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. கடைசி மெய்ப்பில் கையெழுத்து என்னுடையது. மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்துதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டுக்கே போனேன். கோபப்படவில்லை, காபி கொடுத்தார். "கடையில சேலை வாங்குறவுக முடிச்சுப் போட்டவ பேரையா கேக்குறாக? பேப்பர்ல வருதுன்னு எம்மவன் பத்து பேப்பர் வாங்கிட்டான்."

திருத்தம் எப்போதும் உள்பக்க மூலையில் இரண்டு வரியாக வரும். இதை அதே நடுப்பக்கத்தில், இருவர் படத்தோடும் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். சம்மதித்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. விடியலில் மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் மலை ஏறினேன். விடுமுறை கிடைத்தால் எனக்குச் சமணக் குகைகள்தான். இங்குள்ள பிராமி எழுத்துக் கல்வெட்டுகளை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். இவற்றின் மொழி தமிழ் என்று 1924இல் எடுத்துச் சொன்னவர் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். பின்னாளில் விரிவாகப் படித்துப் பதிப்பித்த ஐராவதம் மகாதேவன், 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராகவும் இருந்தவர். எங்கள் தொழிலின் ஆள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

கணி நந்த என்ற துறவிக்கு இருப்பிடம் செய்வித்தவன் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி. இன்னொரு குகைக்குக் கொடுத்தவர்கள் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழு. யார், யாருக்கு, எந்த ஊர் என்பது ஈராயிரம் ஆண்டு கழித்தும் பாறையில் அப்படியே இருக்கிறது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது அந்த அம்மா கூப்பிட்டார். இன்னும் பத்து பேப்பர் கிடைக்குமா என்றார். எடுத்துவைக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் பேசிவிட்டேன்.