குளத்தைக் காலி செய்துவிடாதீர்கள்

சீசன் முடிகிறது, பொது நீச்சல் குளத்தை மூடப் போகிறோம் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தண்ணீரை மொத்தமாக வெளியேற்றிவிட்டால் வேலை மிச்சம்தானே?" கேட்பவர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். பாசி வராது, கொசு வராது, மருந்துச் செலவும் இல்லை. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 86 ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும், எடையில் 86 டன். கான்கிரீட் தொட்டியை மண்ணுக்குள் அழுத்திப் பிடித்திருப்பதில் இந்த எடைக்குப் பெரிய பங்கு உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி வந்து தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும்போது உள்ளே எதிர்த்து அழுத்தத் தண்ணீர் இல்லையென்றால், தரை விரிசல் விடும், டைல்ஸ் பெயரும், சில இடங்களில் தொட்டி முழுவதுமே படகு போல மேலே எழும்பிவிடும். ஃபைபர் தொட்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அடியில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு வைத்திருப்பார்கள், ஆனால் மண் அடைத்துக்கொண்ட வால்வை நம்பி இவ்வளவு பெரிய தொட்டியைக் காலியாக விட முடியாது. பழுதுபார்க்க வேண்டியிருந்து காலி செய்தே தீர வேண்டும் என்றால், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் காலமாகப் பார்த்து, விஷயம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

சரி, தண்ணீர் இருக்கட்டும். அப்படியானால் அது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், மூடுவதில் பாதி வேலை இதுதான். முதலில் இலை தழைகளை அள்ளி, சுவரையும் படிகளின் மூலைகளையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, அடியில் வாக்யூம் செய்து, கடைசியாக ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி அதில் சிக்கிய அழுக்கை வெளியேற்றுங்கள். அழுக்கை உள்ளே விட்டுவிட்டு எவ்வளவு குளோரின் கொட்டினாலும் அழுக்கே அதைத் தின்றுவிடும். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்கட்டும். அது 7.5 அளவில் இருக்கும்போது குளோரினில் பாதி வீரியத்தோடு வேலை செய்யும், 8-க்கு ஏறினால் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்யும், மீதி சும்மா கிடக்கும். 7-க்குக் கீழே இறங்கினாலோ டைல்ஸ் இடுக்கில் பூசிய கிரவுட்டையும் உலோகப் பாகங்களையும் தண்ணீரே அரிக்க ஆரம்பிக்கும், மாதக்கணக்கில் யாரும் பார்க்காத காலத்தில் அது செய்யும் சேதம் அதிகம். பிஹெச் மாற்றத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் காரத்தன்மை (டோட்டல் ஆல்கலினிட்டி) 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் பிஹெச் திடீரென்று ஆடாது. இதையெல்லாம் சரி செய்த பிறகு, மாலை வெயில் இறங்கியதும் குளோரினைக் கூடுதலாகப் போட்டு பம்ப்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பகலில் போட்டால் சூரிய ஒளியே பெரும்பகுதியை அழித்துவிடும். பாசிக்கொல்லியை அதே நேரத்தில் ஊற்ற வேண்டாம், குளோரின் அளவு இறங்கும்வரை காத்திருங்கள்.

மருந்து போடுபவரிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடர் வகையையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் ஒரே கரண்டியைப் போடவும் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு வரும், ஆகவே இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்குவதும் தவறு. சீசன் முடிந்து மிச்சம் மீதியை எல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டும்போதுதான் இந்தத் தப்பு நடக்கிறது.

தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் அடிக்கும் ஊர் என்றால் வேலை கொஞ்சம் கூடும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், குழாயும் பம்ப்பும் பிளந்துவிடும். நீர்மட்டத்தை ஸ்கிம்மருக்கு (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர்த் திறப்பு) கீழே இறக்கி, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி அடைப்பான் போட வேண்டும். பம்ப், ஃபில்டர் இரண்டிலும் உள்ள தண்ணீரையும் வடித்துவிடுங்கள். குளிர் அந்த அளவுக்குப் போகாத ஊரில் இது எதுவும் வேண்டாம், பம்ப்பைத் தினமும் சில மணி நேரம் ஓட்டினால் போதும்.

இனி சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியம். திறந்திருக்கும் குளத்தைவிட மூடியிருக்கும் குளத்தை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சீசனில் அங்கே பெரியவர்கள் இருப்பார்கள், யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூடிய பிறகு அந்தப் பக்கமே ஆள் போவதில்லை. 2021-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மேலே சும்மா விரித்துப் போட்ட தார்ப்பாய் பாதுகாப்பே இல்லை. குழந்தை கால் வைத்தால் அது உள்வாங்கிச் சுற்றிக்கொள்ளும், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் மேல் தேங்கும் மழைத் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தை மூழ்கப் போதும். ஆள் எடையைத் தாங்கும் பாதுகாப்பு உறைக்குச் செலவு செய்யுங்கள், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு உண்மையிலேயே சாத்திக்கொள்கிறதா என்று பாருங்கள், வேலிக்குப் பக்கத்தில் ஏறுவதற்கு வாகாக நாற்காலி எதையும் அடுக்காதீர்கள். மிதவை வளையத்தையும் நீளக் கம்பையும் மட்டும் ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போக வேண்டாம், அவை அங்கேயே இருக்க வேண்டியவை.

அப்புறம், வாரம் ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பொதுச் சொத்து எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். வாரக் கணக்குக்குக் காரணம் உண்டு: வெதுவெதுப்பான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். உறை மேல் தேங்கிய தண்ணீரை வடித்து, பிஹெச்சும் குளோரினும் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கும் நிலைமை புரியும்.

பழுதுகளை இப்போதே பட்டியல் போட்டு, வேண்டிய பொருளை வாங்குங்கள். பெயர்ந்த டைல்ஸ், ஒழுகும் பம்ப் சீல், காலாவதியான டெஸ்ட் கிட் திரவம் எல்லாம் சில வாரம் பொறுக்கும். அடியில் இருக்கும் வடிகால் மூடி பொறுக்காது. அது உடைந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ பம்ப் இழுக்கும் வேகத்தில் தலைமுடியும் கை காலும் சிக்கிக்கொள்ளும். புது மூடி வந்து திருகி இறுக்கியதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த சீசனுக்கு யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.