சிவாஜிநகர் மாதா கோயிலில் ஒரு விண்ணப்பச் சீட்டு

ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடியேறிவிட்டால், செப்டம்பர் 8-ஆம் நாள் தேர் பவனி முடியும்வரை பெங்களூர் சிவாஜிநகரின் புனித மரியன்னை பசிலிக்காவைச் சுற்றியுள்ள தெருக்களெங்கும் காவி உடுத்திய பக்தர்கள் நிறைந்திருப்பார்கள். இதே நகரில், மாதாவிடம் வேண்டும் வழக்கமில்லாத சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை ஒன்றின் தமிழ் ஆராதனையைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்திவரும் நான், அந்த நாட்களில் வேறு வழியாகவே போய்வருவேன். இந்த ஆண்டு, ஒன்பது நாள் வேண்டுதலான நவநாளில் ஒரு மாலை உள்ளே சென்றேன். அபே துபுவாவைப் பற்றிச் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருந்ததே காரணம்.

துபுவா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத்திலும் மைசூர்ச் சீமையிலும் ஊழியம் செய்த பிரெஞ்சுக் குருவானவர். நம் மக்களைப் போலவே உடுத்தி, அவர்கள் உண்டதையே உண்டு, அம்மை குத்திக்கொள்ள அஞ்சியவர்களிடம் அதன் பயனை எடுத்துச் சொல்லி ஊர் ஊராக நடந்தவர். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அக்காலத்தில் பிளாக்பள்ளி எனப்பட்ட இவ்விடத்தில் குடியேறியிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக 1818-ல் ஒரு கூரைக் கோயிலை எழுப்பியவரும் அவரே. ஐந்தே ஆண்டுகளில், 1823-ல், பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அதே ஆண்டு லண்டனில் அச்சான அவருடைய கடிதங்கள், இந்த நாட்டில் கிறிஸ்து மார்க்கம் வேர்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை என்று வாதிடுகின்றன.

அதை வாசித்த இரவு நான் உறங்கவில்லை. எங்கள் ஞாயிறு மாலை ஆராதனைக்கு இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டு உழைத்த ஒருவர் எழுதிய அந்தச் சொற்கள், என் மனத்தில் நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்த சொற்களாகவே இருந்தன. அவர் கட்டிய கூரை இருந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

கூரைக்கு இப்போது அடையாளம் ஏதுமில்லை. 1882-ல் அர்ச்சிக்கப்பட்ட, வானளாவும் கோபுரத்தோடு கூடிய கோத்திக் பாணிக் கோயில் நிற்கிறது; 1973-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைப் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலைக்கு உயர்த்தினார். சேலை உடுத்திய மாதாவின் சுரூபத்தை நோக்கி வரிசை மெல்ல நகர்ந்தது. மெழுகின் சூடும் மல்லிகை மணமும் கலந்த அந்தக் காற்றில், எனக்கு முன்னும் பின்னும் ஒலித்தது பெரும்பாலும் தமிழ்.

சுவரோரம் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றார். நான் ஆயர் என்பது அவருக்குத் தெரியாது. பெரிய மகனும் சின்ன மகனும் வீட்டுப் பங்கில் சண்டையிட்டு நான்கு ஆண்டுகளாகப் பேசுவதில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது இருவரும் ஒரே வீட்டில் சோறு உண்ணவேண்டும் என்பதுதான் அவருடைய விண்ணப்பம். சீட்டை முழங்கால்மேல் வைத்து, எழுதியதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே எழுதினேன். 'அன்பின் பரம பிதாவே' என்று என் கை தானாகத் தொடங்கிவிட்டது.

"பிதாகிட்ட நான் வீட்லயே தெனம் சொல்றேன் சார். இது மாதாவுக்கு. மாதாவேன்னு போடுங்க. புள்ளய பெத்தவ, அவளுக்குத் தெரியும்."

பேனா சற்று நின்றது. மறுதலிக்க எனக்குத் தெரிந்த நியாயங்கள் பல உண்டு. அவற்றை வேதபாட வகுப்பில் கற்பித்தும் இருக்கிறேன், இன்றும் அவற்றை நான் கைவிடவில்லை. ஆனால் 'எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்' என்று மரியாளின் பாட்டாக லூக்கா எழுதியதை மாலை ஆராதனையில் எத்தனையோ முறை வாசித்த நான், அப்படிச் சொல்லும் ஒரு சந்ததியின் அருகே அமர்ந்தது அதுவே முதல்முறை. இந்தத் தாயின் முன்னோர் அந்தக் கூரையின் கீழ் முழங்காலிட்டவர்களாகவும் இருக்கலாம். குருவானவர் மனம் உடைந்து கப்பலேறிய பிறகும் அந்த மக்கள் இங்கேயே இருந்தார்கள், ஜெபிப்பதை விடவில்லை.

முதல் வரியை அடித்துவிட்டு 'மாதாவே' என்று எழுதினேன். மகன்களின் பெயர்களையும் அவர் சொன்ன வரிசையிலேயே, சின்னவன் பெயரை முதலில் எழுதினேன்.

சீட்டை வாங்கியவர், தமக்கு எழுத்துத் தெரியாதென்றும், 'மாதாவே' என்பது எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, பிறகு கண்களில் ஒற்றிக்கொண்டு, சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார்.

"உங்களுக்கு ஒண்ணு எழுதிக்கலியா சார்?" என்றார்.

பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தேன். இன்னொரு சீட்டை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.