டபுள் பாஸும் நம்ம ஊர் மைக்செட்டும்

புது இடத்துக்கு வாசிக்கப் போனால், மைக்செட் போடும் தம்பியிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "மக்கா, என் லைன்ல லோவை நல்லா குறைச்சு வை." அவர் மிக்சரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "யக்கா, நீங்க பாஸுதான வாசிக்கிறீய? அதைக் குறைச்சா பொறவு என்னத்தக் கேக்க?"

நியாயமான கேள்வி. மேடையில் நின்றுகொண்டு இதற்கு அவசர அவசரமாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டபுள் பாஸ் (வயலினைப் போலவே இருக்கும், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வாத்தியம்) வாசிக்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டாரோ வயலினோ வாசித்துவிட்டு இந்தப் பெரிய வாத்தியத்தின் மேல் ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவும், அவர்களுக்கு மைக்செட் போடப்போகிறவர்களுக்காகவும் இதை நிதானமாக எழுதிவைக்கிறேன்.

டபுள் பாஸில் நாலு கம்பி. தடித்தது E, விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. அடுத்து A 55, D 73, கடைசியாக G 98. வாத்தியம் ஆள் உயரம் இருந்தாலும், 41 ஹெர்ட்ஸை ஓங்கி வெளியே தள்ளும் அளவுக்கு அந்த மரப்பெட்டி பெரியது இல்லை. திறந்த E-யை வாசிக்கும்போது காதுக்கு வருவதில் பெரும்பங்கு அதன் மடங்குகளான 82-ம் 123-ம் தான். அவை தெளிவாக இருந்தால் அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். மைக் இல்லாமல் ஒரு அறையில் டபுள் பாஸைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: முதலில் விரல் கம்பியை விடும் சின்ன சத்தம், உடனே மரத்தின் குரல், அப்புறம் அது மெல்லத் தேய்வது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியம்.

கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதில் பொருத்தும் பீசோ பிக்கப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. மரம் காற்றில் எதை அனுப்புகிறது என்று அது பார்ப்பதில்லை. பிரிட்ஜில் விழும் அழுத்தத்தை அப்படியே மின்சாரமாக்கி அனுப்புகிறது. அதனால் அறையில் பலவீனமாக இருந்த 41 ஹெர்ட்ஸ் கேபிளில் பலமாக வருகிறது. மேடைப் பலகையில் யாராவது நடந்தால் அந்த அதிர்வும், வாத்தியத்தைத் தரையில் நிறுத்தும் எண்ட்பின் வழியாக ஏறி வருகிறது. எதிரே நிற்பதோ 18 அங்குல சப் ஊஃபர்கள். ஊர்த் திருவிழாவிலும் கல்யாண ரிசப்ஷனிலும் நெஞ்சு அதிர வேண்டும் என்று எதிர்பார்த்து வைக்கப்பட்டவை. டிரம்ஸுக்கும் சினிமாப் பாட்டுக்கும் அது பொருத்தம்தான். டபுள் பாஸை அதில் அப்படியே விட்டால் எந்தச் சுரம் என்றே தெரியாத ஒரு உறுமல்தான் மிஞ்சும். பாடுகிறவருக்குச் சுருதி பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே முதல் வேலை ஹை பாஸ் ஃபில்டர் (இந்தப் பாஸ் வாத்தியம் இல்லை, high-pass: மேலே உள்ளதை மட்டும் விடுவது). 50 முதல் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட வேண்டும். சின்ன அரங்கமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலேயும் போகலாம். வெட்டியதும் வாத்தியம் சின்னதாகிவிடும் என்று பயப்படுவார்கள். நேர்மாறாக, அப்போதுதான் அதைச் சத்தமாக வைக்கவே இடம் கிடைக்கிறது. அடுத்து 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாகக் குறைப்பேன்; கீபோர்டு, ஆண் குரல், கிட்டார் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. விரலின் தெளிவு வேண்டுமென்றால் 700 முதல் 1000 வரை ஒரு சொட்டு ஏற்றலாம். இவ்வளவுதான். இதைவிட முக்கியமான வேலை கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் போய், "அண்ணே, இடது கையைக் கொஞ்சம் மேல ஏத்திக்கிடுங்க" என்று கேட்பது. அவர் கீழே ஒரு பாஸ் வரியும் நான் ஒன்றும் வாசித்தால் எந்த மிக்சராலும் சரிசெய்ய முடியாது.

இந்தச் சிக்கல் பழையது. 1940களில் அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற பாஸ் கலைஞர், எண்ட்பின் வழியாகவே உள்ளே ஒரு மைக்கைப் பொருத்தினார். ஆம்பெக் என்ற ஆம்ப் கம்பெனியின் பெயர் (amplified peg என்பதன் சுருக்கம்) அந்தக் கருவியிலிருந்து வந்ததுதான். 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் என்ற எலக்ட்ரிக் பாஸ் வந்ததும், தூக்கிச் சுமக்கவும் எளிது, சத்தமும் கேட்கும் என்று பலர் அதற்கு மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை, மாறவும் மாட்டேன். எலக்ட்ரிக் பாஸ் நல்ல வாத்தியம். ஆனால் டபுள் பாஸின் சுரம் பிறந்த உடனே தேயத் தொடங்குகிறது. அந்தத் தேய்மானம் பாட்டுக்குள் விட்டுக்கொடுக்கும் இடைவெளி எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

பீசோவை நேராக மிக்சரில் செருகாதீர்கள். நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். பீசோ ஒரு மெகா ஓமாவது இன்புட் இம்பிடன்ஸ் (செருகும் இடத்தில் உள்ள மின்தடை) கேட்கும். சில பிக்கப்கள் 10 மெகா ஓமில்தான் முழுசாகப் பேசும். மிக்சரின் மைக் இன்புட்டில் இருப்பது இரண்டு மூன்று கிலோ ஓம், லைன் இன்புட்டில் பத்து கிலோ ஓம் அளவு. அந்தச் சின்ன இம்பிடன்ஸ் கீழ்ச்சுரத்தை எல்லாம் விழுங்கிவிடும். மிஞ்சுவது தகர டப்பாவைத் தட்டியது போன்ற சத்தம். உடனே லோவைத் திருகி ஏற்றுவார்கள். இல்லாததை எப்படி ஏற்றுவது? உறுமலும் இரைச்சலும்தான் ஏறும். பீசோவுக்கென்று செய்த ஒரு ப்ரீஆம்ப் (மிக்சருக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் சின்னப் பெட்டி) நடுவில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வாங்கும்போது ஹை பாஸ் ஃபில்டர், ஃபேஸ் சுவிட்ச் (சிக்னலைத் தலைகீழாக்குவது), டி.ஐ. அவுட்புட் (மிக்சருக்கு நேராக அனுப்பும் வழி), கிரவுண்ட் லிஃப்ட் (அந்தக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகிய நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் கூடுதலாகப் பையில் கிடக்கட்டும்.

கிரவுண்ட் லிஃப்ட் எதற்கு என்றால், ஹம்முக்கு, அதாவது மின்சாரத்தால் ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்' என்ற ரீங்காரத்துக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டபுள் பாஸின் E கம்பியில் பிடிக்கும் G 49 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த G ஷார்ப் 52. ஹம் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். G-இல் ஒரு பாட்டு வாசிக்கும்போது கூடவே சுருதி விலகிய இன்னொரு G ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் லோடு மாறும்போது அந்த ஹம்மும் லேசாக இடம் மாறும். டி.ஐ.யில் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹம்மை நிறுத்துகிறேன் என்று மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கத்தைச் சில மேடைகளில் பார்த்திருக்கிறேன். அந்த மேடையில் நான் கம்பியைத் தொட மாட்டேன். மழைக்காலத்தில் நனைந்த பந்தலுக்குக் கீழே, ஈரத் தரையில் நின்று வாசிக்கிறோம். எர்த் இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கமே பட வேண்டாம்.

ஃபீட்பேக் தனிக் கதை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் வாத்தியத்தின் மேல்பலகையை ஆட்டுகிறது, அதைப் பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனக்கென்று ஒரு பலவீனமான இடம் உண்டு. என்னுடையதில் அது 110 ஹெர்ட்ஸ், G கம்பியில் பிடிக்கும் A. ப்ரீஆம்பில் நாட்ச் ஃபில்டரை (ஒரே ஒரு இடத்தை மட்டும் குறைப்பது) அங்கே வைத்து இறுக்கிவிடுவேன். ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டு, எதில் ஊளை குறைகிறதோ அதிலேயே விட்டுவிட வேண்டும். மேல்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளைகளில் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகுவதும் உதவும். அவசியம் இருந்தால் மட்டும் செய்வேன், ஏனென்றால் வாசிக்கிற எனக்கே என் வாத்தியம் தூரமாகப் போய்விட்டது போல ஆகிவிடுகிறது. ஆம்பைத் தரையிலும் சுவர் மூலையிலும் வைத்தால் கீழ்ச்சுரம் தானாகவே பெருகும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எந்த மண்டபத்திலும் கிடைக்கும்; அதன் மேல் தூக்கி வைத்துவிடுங்கள். திறந்த E-யின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அது எந்தத் திசையிலும் நிற்காது, பாடுகிறவர் மைக் உட்பட எல்லாவற்றிலும் நுழையும். அதனால் மேடையில் என் ஆம்ப் சத்தத்தை, எனக்கும் டிரம்மருக்கும் கேட்கும் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரிட்ஜ் பக்கம் மாட்டும் கிளிப் மைக் இதைவிட இயல்பான குரல் தரும். டி.பி.ஏ. 4099 அந்த வேலைக்கே பேர்போனது. குளிரூட்டிய அரங்கில், சின்னக் குழுவோடு வாசிக்கும்போது மைக்கையும் பிக்கப்பையும் கலந்து வைத்தால் மனசு நிறையும். ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கம் திறந்த மேடையில் அதை எடுத்து மாட்டிப் பாருங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கணவாய்க் காற்று மைக்கில் மோதும் சத்தம்தான் ஊர் முழுக்கக் கேட்கும். அங்கே பீசோவே கதி.

காற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஈரம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் மரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மேல்பலகை உப்பும், கம்பி விரல்பலகையை விட்டு உயரும், இடது கை வலிக்கும். மாசி, பங்குனியில் காய்ந்து இறங்கும். அப்போது கம்பி பலகையில் மோதிச் சலசலக்கும். பிரிட்ஜ் கால்களில் திருகும் அட்ஜஸ்டர் பொருத்தியதற்குக் காரணம் இதுதான். கால் சுற்று, அரைச் சுற்று திருகினால் போதும். முழுமரத்தில் செதுக்கிய வாத்தியத்தின் குரல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் வெளியில் வாசிக்க நான் ப்ளைவுட் பாஸ்தான் எடுத்துப் போகிறேன். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது சட்டென்று வெடிக்காது. மேடையில் ஃபீட்பேக்கும் குறைவாகவே தருகிறது. ஓரத்து ஒட்டு விட்டுப்போனால் பதற வேண்டாம். மரம் பிளக்கும் முன்பு ஒட்டு விடட்டும் என்றுதான் விலங்குப் பசையால் ஒட்டுகிறார்கள். ஃபெவிகாலைக் கொண்டு மட்டும் யாரும் அதை மூடிவிடாதீர்கள். பிறகு அந்த ஓரத்தை யாராலும் ஒழுங்காகத் திறக்க முடியாது.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் வாசித்தால் உப்புக் காற்று. வாசித்து முடித்த கையோடு காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைக்க வேண்டும். பிக்கப்பின் ஜாக்கையும் மறக்கக் கூடாது, அங்கே பச்சை பிடித்தால் அடுத்த மேடையில் கரகரவென்று வரும். ஆட்டுக்குடல் கம்பியின் குரலுக்கு நான் உயிரை விடுவேன். ஆனால் நம் ஈரத்தில் அது சுருதியில் நிற்காது. ஆகவே எஃகுக் கம்பி, பெரும்பாலும் ஸ்பைரோகோர் என்ற வகை. வில்லுக்குத் தேய்க்கும் பிசினான ரோசினையும் கவனிக்க வேண்டும்: டபுள் பாஸ் ரோசின் வயலினுடையதைவிட மிருதுவானது, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் உருகி டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆம்னியில் முன் சீட்டைச் சாய்த்தால் உள்ளே போகும். குட்டியானையில் ஏற்றினால் படுக்க வைக்கும்போது பிரிட்ஜ் மேலே பார்த்தபடி இருக்கட்டும், கீழே மெத்தை போடுங்கள்.

கடைசியாக வாசிப்பைப் பற்றி. நம் பக்கப் பாடகர்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். நான் என் கம்பிகளையே அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்: E மூணு கட்டை, A ஆறு, D ரெண்டு, G அஞ்சு. ரெண்டு கட்டைப் பாட்டு என்றால் பாஸுக்குக் கொண்டாட்டம். ச, ப, ம மூன்றும் திறந்த கம்பியிலேயே இருக்கின்றன. ஆனால் மேற்கத்திய முறையில் பாஸ் கற்றவர்களின் கை, எந்தப் பாட்டுக்கும் ச-ப, ச-ப என்று தானாகவே போகும். கீர்த்தனைகளில் இது ஆபத்து. இந்தோளத்தில் அமைந்த பாட்டு வந்தால் ரி-யும் ப-வும் கிடையாது. அங்கே ஒரு பஞ்சமம் போட்டால் பாடகர் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். மத்யமத்தைத்தான் துணைக்கு எடுக்க வேண்டும், D-யும் G-யும். அதோடு முடியவில்லை. D-யை மீட்டும்போது பக்கத்தில் சும்மா இருக்கும் A கம்பியும் தானாகச் சிலிர்த்துக்கொள்ளும், பீசோ அதையும் விடாமல் அனுப்பும். இடது கை விரல் ஒன்றை A-யின் மேல் லேசாகச் சாய்த்து அடக்கியே வைத்திருக்க வேண்டும், பாட்டு முடியும்வரை.

அதனால் பாடுகிறவரிடம் எத்தனை கட்டை, என்ன ராகம் என்ற இரண்டையும் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். மேடைக்குப் போனபிறகு கிடைக்கும் நேரமெல்லாம் மைக்செட் தம்பிக்கே போய்விடும்.